திரைக்குப் பின்னால் அமர்ந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

நான் கோத்தகிரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. என் மகள் அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தில் இருக்கிறாள். சென்ற ஆண்டு அவளோடு தங்கியிருந்தபோது வமீகோ என்ற சிற்றூருக்கு அழைத்துச் சென்றாள். 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' என்ற பழைய மாயக்கதைப் படத்துக்கு அங்கே ஒரு அருங்காட்சியகமே இருக்கிறது. ஆண்டுதோறும் ஊர்கூடி விழா எடுக்கிறார்களாம். ஊர் திரும்பியதிலிருந்து, நம் ஊரில் 'மாயா பஜார்' படத்துக்கு அப்படி இரண்டு நாள் விழா எடுத்தால் என்ன என்ற எண்ணம் என்னை விடவில்லை. மே மாதக் கோடை விழாவோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்றும், கோத்தர், தோடர் நடனக் குழுக்களைக் கடோத்கஜனின் பரிவாரமாக ஊர்வலத்தில் வரச்செய்யலாம் என்றும், பழைய பாட்டுப் புத்தகங்களைக் காட்சிக்கு வைத்து, கடைசியில் கல்யாண விருந்து போடலாம் என்றும் திட்டமிட்டிருக்கிறோம். ஆனால் நண்பர்கள் சிலர், "அந்தப் படத்துக்கும் நம் ஊருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறார்கள். வேறு சிலர், நடிகர் யாரையாவது அழைத்து வந்தால்தான் கூட்டம் சேரும் என்கிறார்கள். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகி, கோத்தகிரி

*

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் நண்பர்களின் முதல் கேள்விக்கு விடை நீங்கள் பார்த்துவிட்டு வந்த ஊரிலேயே இருக்கிறது. 1939இல் வெளியான அந்தப் படம் கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில் இருந்த எம்ஜிஎம் ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டது. கான்சஸ் பண்ணைவீடாக நாம் காண்பதும் ஸ்டுடியோவில் போட்ட செட்தான். 1900இல் மூலக்கதையை எழுதிய ஃபிராங்க் பாம் பிறந்தது நியூயார்க் மாநிலத்துச் சிட்டனாங்கோ. அவ்வூரார் நடைபாதையில் மஞ்சள் செங்கல் பதித்து, தங்களுக்கென்று தனியாக ஒரு விழா எடுக்கிறார்கள். கதாநாயகி ஜூடி கார்லண்ட் பிறந்த மினசோட்டாவின் கிராண்ட் ராபிட்ஸ் ஊரும் அவருக்கு ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. அவர்களுக்கெல்லாம் பிறப்புரிமை உண்டு. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் வாழும் வமீகோவுக்கு இருக்கும் உரிமை, கதைக்குள் வரும் சிறுமி தன் வீடு கான்சஸில் இருப்பதாகச் சொல்கிறாள் என்பது மட்டுமே. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓர் ஊர் அந்தப் படத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டது.

நமக்கு அதைவிடப் பெரிய உரிமை இருப்பதாக நினைக்கிறேன். 'மாயா பஜார்' பாண்டவர்கள் ஐவரில் ஒருவர்கூடத் திரையில் தோன்றாத பாரதக் கதை. காட்டில் வாழும் இடிம்பைக்குப் பிறந்த கடோத்கஜன்தான், அரண்மனைக்காரர்கள் கலைத்துவிட்ட ஒரு திருமணத்தை நடத்திவைக்கிறான். இந்தக் கதை வியாச பாரதத்தில் இல்லை. மக்கள் தங்கள் நாடகங்களில் தாங்களே வளர்த்தெடுத்தது. மலையில் வாழ்பவர்களுக்கு அவனைப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

எனக்கு அந்தப் படம் எப்படி வந்து சேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பெற்றோர் 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு, கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். லைன் வீட்டில் வளர்ந்த எங்களுக்குச் சினிமா என்றால் ஜீப்பில் வரும் புரொஜெக்டர்தான். இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வெள்ளைத் துணியைக் கட்டுவார்கள். 'மாயா பஜார்' காட்டிய அன்று முன்பக்கம் இடமில்லாமல் நானும் என் வயதுப் பிள்ளைகளும் துணிக்குப் பின்பக்கம் போய், தேயிலைப் பாத்தியின் ஓரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தோம். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. புரொஜெக்டரிலிருந்து வந்த ஒளிக்கற்றை அந்தப் பனியில் ஒரு வெள்ளைத் தூண் சாய்ந்து கிடப்பதைப் போலத் தெரிந்தது. துணி ஈரமாகிக் கனத்துக் காற்றில் மெல்ல அசைய, எஸ்.வி. ரங்காராவின் முகம் அதோடு சேர்ந்து ஏறி இறங்கியது. பின்னாலிருந்து பார்த்ததால் எங்களுக்குக் கடோத்கஜன் இடது கையால் கதாயுதத்தைப் பிடித்தான், இடது கையால் உண்டான். கல்யாண சமையல் சாதப் பாட்டு வந்தபோது, லட்டுகள் தாமாக எழும்பி அவன் வாய்க்குள் பாய்ந்ததைப் பார்த்து எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. ரேஷன் கோதுமையைக் கணக்குப் பார்த்துக் கிளறிய வீடுகளிலிருந்து வந்திருந்தோம். அவன் விழுங்கும்போதெல்லாம் நாங்களும் விழுங்கினோம். பாட்டு முடிந்ததும் என் பக்கத்தில் இருந்த சிறுமி, "வயிறு நிறைஞ்சிருச்சு" என்றாள். அவள் அதை உண்மையாகவே சொன்னாள்.

அன்று எனக்கு விளங்காமல் போனது எழுத்துகள் மட்டும்தான். அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தேன். திரையில் ஓடிய பெயர்களோ இடவலம் மாறித் தெரிந்தன. ஒன்றையும் படிக்க முடியவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு சென்னையில் ஒரு திரையிடலில்தான் அந்தப் படத்தை முன்பக்கமிருந்து பார்த்தேன். ஜெமினி கணேசன், சாவித்திரி, என்.டி. ராமாராவ், தங்கவேலு என்ற பெயர்கள் அதற்குள் எனக்குப் பழகியிருந்தன. ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி, கலை இயக்குநர்கள் கோகலே, கலாதர் என்ற பெயர்களை அன்றுதான் அறிந்தேன். சிறுவயதில் என்னைக் கட்டிப்போட்ட படகுப் பாட்டின் நிலவொளி பார்ட்லியின் விளக்குகளில் பிறந்தது. பின்னாளில் 'செம்மீன்' படத்தின் கடலை நமக்குக் காட்டியவரும் அவரே. தானாகச் சுருட்டிக்கொள்ளும் கம்பளத்தையும் சுழலும் கட்டிலையும் சிற்றுருவமாகக் கட்டிய துவாரகையையும் யாரோ தச்சரும் தையல்காரரும் வண்ணம் பூசுபவரும் வாகினி ஸ்டுடியோவில் இரவுபகலாக இருந்து செய்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் முன்பக்கமிருந்து பார்த்தாலும் தெரிவதில்லை. இயக்குநர் கே.வி. ரெட்டி இத்தனை பேரின் கைகளையும் ஒரே கையாக்கினார் என்பதால்தான் 1957ஆம் ஆண்டுப் படம் இன்றும் பழையதாகத் தோன்றவில்லை.

நடிகரை அழைப்பது பற்றிய கேள்விக்கு இங்கிருந்துதான் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்கப் படத்தில் மன்ச்கின் என்ற குட்டி மனிதர்களாக 120க்கும் மேற்பட்ட குள்ள உருவம் கொண்ட கலைஞர்கள் நடித்தார்கள். பெயர்ப்பட்டியலில் அவர்கள் ஒரு குழுவாகத்தான் குறிக்கப்பட்டார்கள். தனித்தனிப் பெயர் கிடையாது. படத்தில் வரும் நாய்க்குக் கொடுத்த வாரச் சம்பளம் தங்களுடையதைவிட அதிகம் என்று அவர்களில் ஒருவரான ஜெர்ரி மாரன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த அமெரிக்கப் படம் முதல் வெளியீட்டில் போட்ட பணத்தை மீட்கவில்லை. 1956இல் தொலைக்காட்சியில் காட்டப்பட்டு, 1959 முதல் ஆண்டுதோறும் ஒளிபரப்பான பிறகுதான் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. அப்படி வீட்டில் பார்த்த பிள்ளைகள் வளர்ந்து தங்கள் சிற்றூர்களில் விழா எடுக்கத் தொடங்கியபோது, மேடைக்கு யாரை அழைத்தார்கள் தெரியுமா? எஞ்சியிருந்த மன்ச்கின் நடிகர்களை. முதுமையில், சக்கர நாற்காலியிலும் கைத்தடியோடும் வந்தவர்களைச் சுற்றி ஊர் கூடியது. ஒவ்வொருவரும் தம் சொந்தப் பெயரில் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். ஹாலிவுட் தன் நடைபாதையில் அவர்களுக்கென ஒரு நட்சத்திரம் பதித்தது 2007இல்தான். சிற்றூர்கள் அதை முன்பே செய்துவிட்டன. நீங்கள் வமீகோவிலிருந்து கொண்டுவர வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மலையூரில் நடந்த பழைய படவிழா ஒன்றுக்குப் பேச்சாளராகப் போயிருந்தேன். திரட்டிய பணம் அத்தனையும் ஒரு நடிகரின் வருகைக்கே செலவாகிவிட்டது. அவர் அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போனார். கூட்டமும் அவரோடு போய்விட்டது. பிறகு யாரோ கொண்டுவந்த மோசமான பிரதியை ஓட்டினார்கள். உதடு அசைந்து முடிந்த பிறகு வசனம் வந்தது. படத்துக்காகவே சால்வையைப் போர்த்திக்கொண்டு காத்திருந்த முதியவர்கள் பாதியில் எழுந்து போனதை நான் மறக்கவில்லை.

ஆகவே உங்கள் மேடையில் நீலகிரியின் பழைய தியேட்டர்களில் ஆபரேட்டராக இருந்தவர்களை உட்கார வையுங்கள். டிக்கெட் கிழித்தவர், இடைவேளையில் முறுக்கும் சுண்டலும் விற்றவர், பாட்டுப் புத்தகம் விற்றவர், ஊட்டி, குன்னூர் படப்பிடிப்புகளில் விளக்கும் டிராலியும் சுமந்தவர், பாட்டுக் காட்சிக்குக் குதிரை கொண்டுவந்தவர் என்று தேடினால் ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் கிடைப்பார். அறுந்த பிலிமை எப்படி ஒட்டினார்கள், கார்பன் குச்சி எரிந்து தேயும்போது எப்படித் தள்ளிக் கொடுத்தார்கள் என்று அவர்கள் வாயாலேயே மாணவர்கள் கேட்கட்டும், பதிவு செய்யட்டும். அழைப்பிதழில் அவர்கள் பெயர் முழுமையாக, பிழையில்லாமல் அச்சாக வேண்டும்.

உங்கள் திட்டத்தில் ஒன்றை மட்டும் கைவிடும்படி வற்புறுத்துகிறேன். கோத்தர்களையும் தோடர்களையும் கடோத்கஜனின் பரிவாரமாக வரச்செய்யும் எண்ணம் வேண்டாம். நல்லெண்ணத்தோடுதான் யோசித்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் கோத்தகிரி என்ற பெயரே கோத்தர்களிடமிருந்து வந்தது. அவர்களுடைய இசையும் ஆட்டமும் அவர்களுடைய தெய்வத்துக்கும் சாவுக்கும் உரியவை. அரக்கர் வேடக் கூட்டத்தில் அவர்களை நடக்கவிட்டால், ஊருக்குப் பெயர் கொடுத்தவர்களை ஊரே வேடிக்கைப் பொருளாக்கியதாகிவிடும். படத்தில் கடோத்கஜன் எவ்வளவு அன்புக்குரியவனாக இருந்தாலும், காட்டில் வாழ்பவன் அரக்கன் என்ற பழைய கற்பனையைத்தான் அந்த ஊர்வலம் பிள்ளைகள் மனத்தில் பதிக்கும். அவர்களைப் பார்வையாளர்களாக, முன்வரிசைக்கு அழையுங்கள். வேடம் நம் வீட்டுப் பிள்ளைகளே கட்டட்டும். சாவித்திரி, மணப்பெண் வத்சலையின் உருவத்துக்குள் இருக்கும் கடோத்கஜனாக நடந்து, மணமேடையில் மாப்பிள்ளையின் காலை மிதிக்கும் காட்சி ஒன்று போதும். பெண்பிள்ளைகள் அதை நடித்துக் காட்டினால் மைதானம் நிறைந்துவிடும்.

மே மாதமும் வேண்டாம். காய்கறிக் கண்காட்சியும் இ-பாஸ் வரிசையும் வாகன நெரிசலுமாக இருக்கும் நாட்களில் உள்ளூர்க்காரர்கள் வெளியே வரவே தயங்குவார்கள். விழா சுற்றுலாப் பயணிகளுக்கானதாகிவிடும். படம் தமிழில் வெளியானது ஏப்ரல் மாதத்தில், அதையே வைத்துக்கொள்ளுங்கள். பொதுத் திரையிடலுக்கு உரிமையாளரிடம் எழுத்து வடிவில் அனுமதி பெற்று, நல்ல பிரதியைக் கேட்டு வாங்குங்கள். 2010இல் தெலுங்குப் பதிப்பு வண்ணமாக்கப்பட்டது போல நமக்கும் வண்ணம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று யாரேனும் சொல்லக்கூடும். அமெரிக்கப் படத்தில், மூலநூலில் கதாநாயகி அணியும் வெள்ளிக் காலணியை டெக்னிகலர் என்ற வண்ணப்பட முறைக்காகவே சிவப்பாக்கினார்கள். வண்ணம் அங்கே கதையோடு பிறந்தது. பார்ட்லி வேலை செய்தது கறுப்பிலும் வெள்ளையிலும். அதை அப்படியே காட்டுங்கள்.

பாட்டுப் புத்தகங்களை இரவல் வாங்கும்போது பதிவேட்டில் எழுதி, கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வையுங்கள். அந்தச் சிவப்புக் காலணிகளில் ஒரு ஜோடி 2005இல் கிராண்ட் ராபிட்ஸ் அருங்காட்சியகத்திலிருந்து களவுபோய், 2018இல்தான் மீட்கப்பட்டது. விருந்தில் லட்டு கட்டாயம் இருக்கட்டும். அதோடு படகர் வீட்டு அவரைக்காய் உதக்கமும் எங்கள் சிலோன்காரர் வீட்டு ரொட்டியும் சம்பலும் இலையில் இடம் பெற்றால் எனக்கு மிகவும் மகிழ்ச்சி.

துணித் திரை கட்டுவதானால் பின்பக்கமும் பாய் விரியுங்கள். நான் அங்கேதான் உட்காருவேன். ஓர் உதவியும் வேண்டும். எங்கள் தோட்டத்துக்கு ஜீப்பில் புரொஜெக்டர் கொண்டுவந்தவரை நாங்கள் 'மிஷின்காரர்' என்றே அழைத்தோம். ஒல்லியான மனிதர், வலக்கைச் சுட்டுவிரலில் தீக்காய வடு இருந்தது, பிலிம் அறுந்தால் பல்லில் பிளேடைக் கடித்துக்கொண்டு ஒட்டுவார். கோத்தகிரி கடைவீதிப் பக்கம் வீடு என்று அப்பா சொன்ன நினைவு. அவரோ அவர் பிள்ளைகளோ அங்கே இருந்தால், அவருடைய பெயரைக் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.