செங்கடலில் சண்டை என்றால் ஈஸ்ட் ஹாமில் கடை போடலாமா?

தம்பி, லண்டன் ஈஸ்ட் ஹாமில் மளிகைக் கடை போட்டு, அரிசி பருப்பெல்லாம் சென்னையிலிருந்து நேரடியாக இறக்கலாமா, இல்லை உலகத்தில் சண்டைகள் ஓயும்வரை பொறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுக்க வேண்டாம். நான் லண்டனில் கடை நடத்திய காலத்தில் உலகம் ஓய்ந்திருந்த வருடம் என்று ஒன்று நினைவில்லை. கடையைப் போடுங்கள், சொந்தமாகக் கன்டெய்னர் இறக்குவதை மட்டும் முதல் வருடம் தள்ளிவையுங்கள்.

ஏன் என்றால், 2023 நவம்பரில் ஏமன் நாட்டுக் கிளர்ச்சிப் படையான ஹூதிகள் செங்கடலில் 'கேலக்ஸி லீடர்' என்ற சரக்குக் கப்பலைப் பிடித்தார்கள். டிசம்பரிலேயே பெரிய கப்பல் நிறுவனங்கள் சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு, ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரத் தொடங்கின. இந்தியாவிலிருந்து வரும் சரக்குக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கூடுதல். இரண்டு வாரம்தானே என்று தோன்றும். ஆனால் புதிதாக வாங்குகிறவருக்கு ஊரில் யாரும் கடன் தர மாட்டார்கள், சரக்கு கப்பலேறும்போதே உங்கள் பணம் போய்விடும். அது நடுக்கடலில் இருக்கும்போது கடை வாடகையும் ஆள் சம்பளமும் காத்திருக்காது. பொங்கலுக்கு விற்க வேண்டிய வெல்லம் பொங்கல் முடிந்து வந்து சேரும். கன்டெய்னர் கட்டணமும் அப்போது பல மடங்கு ஏறியது. பெரிய மொத்த வியாபாரி அதைத் தாங்குவார், ஒற்றைக் கன்டெய்னர்காரரால் முடியாது.

போர் மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்காதீர்கள். நம் கடைகளை அதிகம் உலுக்கியது டெல்லியில் வந்த ஓர் அறிவிப்பு. உள்நாட்டில் அரிசி விலை ஏறுகிறது என்று 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா தடை செய்தது. அமெரிக்காவில் நம் மக்கள் சோனா மசூரி மூட்டைகளுக்கு முண்டியடித்த வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி வந்தது, அதாவது நம் இட்லி அரிசிக்கு. வெள்ளை அரிசித் தடை நீங்க 2024 செப்டம்பர் கடைசி ஆகிவிட்டது. அதனால் தொலைக்காட்சியில் போர்ச் செய்தி பார்ப்பதைவிட, இந்திய வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் அறிவிப்புகளைக் கவனியுங்கள். பருவமழை எப்படி என்று ஊரில் விசாரியுங்கள். மழை பொய்த்தால் அடுத்து அரிசிக்கோ வெங்காயத்துக்கோ கட்டுப்பாடு வரக்கூடும்.

அந்த மாதிரி நாளில் பழைய விலைக்கு வாங்கிய மூட்டைக்குப் புது விலை போடாதீர்கள். வீட்டுக்கு ஒரு மூட்டை என்று அளந்து கொடுங்கள். சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்கு இட்லி அரிசி இல்லை என்று சொல்வது எனக்கு இன்றும் மனதுக்கு ஆகாத காரியம். நியாயமாகக் கொடுத்த கடைக்குத்தான் சனம் திரும்பி வரும்.

பணமாற்றம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஊர் ஏற்றுமதியாளர் பெரும்பாலும் டாலரில்தான் பில் போடுவார், நீங்கள் விற்பது பவுண்டில். 2022 செப்டம்பரில் இங்கே அரசு அறிவித்த வரிக்குறைப்புத் திட்டத்தால் பவுண்ட் சரிந்து, ஒரு கட்டத்தில் 1.04 டாலருக்கும் கீழே போனது. ஆகவே இறக்குமதியில் இறங்கும் காலத்தில், தரவேண்டிய தொகைக்கு டாலர் விலையை இன்றே பேசிப் பிடித்துவைக்கும் முன்பேர ஒப்பந்தம் கிடைக்குமா என்று வங்கியில் கேளுங்கள்.

இப்போதைக்கு இங்குள்ள மொத்த வியாபாரிகள் இரண்டு பேரிடம் கணக்குத் தொடங்குங்கள். ஒருவரிடம் மட்டும் வேண்டாம். விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஆனால் கப்பல் தாமதம் அவர் தலைவலி, உங்களுடையது அல்ல. விற்பனை இல்லாவிட்டாலும் மூன்று மாத வாடகை கட்டக் கையில் பணம் இருக்கட்டும். அந்தப் பணத்தில் சரக்கு வாங்காதீர்கள்.

அப்புறம், கடையின் குத்தகைப் பத்திரத்தை சொலிசிட்டரிடம், அதாவது வழக்கறிஞரிடம், காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். இடையில் விலகிக்கொள்ள உரிமை தரும் பிரிவு அதில் இருக்க வேண்டும். கட்டட உரிமையாளர் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.