ஆலன் குவாட்டர்மெய்ன் கதைகளை எந்த வரிசையில் வாசிப்பது?

வணக்கம். ஆங்கில எழுத்தாளர் ரைடர் ஹாகார்டின் 1887ஆம் ஆண்டு நாவலான ‘ஆலன் குவாட்டர்மெய்’னில் இறந்துவிடும் அதே பெயருள்ள நாயகர், 1912இல் வெளிவந்த ‘மேரி’யில் இளைஞராக வருவது எப்படி என்றும், எதை முதலில் எடுப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். நீங்கள் எதையும் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. நாயகரைச் சாகடித்த பிறகும் அவரை விட மனமில்லாத ஹாகார்டு, அவர் எழுதிவைத்துப் போன கையெழுத்துப் படிகள் கிடைத்ததாகச் சொல்லி, அவருடைய பழைய நாட்களுக்கே திரும்பித் திரும்பிப் போனார்.

கதை நிகழும் காலத்தைப் பார்க்காமல், நூல்கள் வெளிவந்த வரிசையிலேயே தொடங்குங்கள். 1885இல் வந்த ‘சாலமன் மன்னரின் சுரங்கங்கள்’ நாவலை, லண்டனில் மருத்துவம் பயிலும் தம் மகன் ஹாரிக்காக எழுதுவதாகக் குவாட்டர்மெய்ன் சொல்கிறார். 1887ஆம் ஆண்டு நாவலோ, அந்த மகனை அடக்கம் செய்துவிட்டு வந்த தகப்பனின் துயரத்துடன் தொடங்குகிறது. முன்னதை வாசிக்காதவருக்கு அந்தப் பக்கத்தின் கனம் தெரியாது.

அதன்பின் ‘மேரி’, ‘புயலின் குழந்தை’ (1913), ‘முடிந்தது’ (1917) ஆகிய மூன்றையும் சேர்த்தே வாசியுங்கள். தென்னாப்பிரிக்காவில் இருந்த ஜூலு அரசின் வீழ்ச்சி வரை நீளும் அவற்றில், 1875இல் தமது பத்தொன்பதாம் வயதில் அதை அடுத்திருந்த நேட்டாலுக்குப் போன ஹாகார்டு அங்கே கண்டதும் கேட்டதும் நிறைந்திருக்கின்றன. நடுவிலுள்ளதே எனக்கு மிகவும் பிடித்தது.