‘அனுமதிப்பத்திரம் இருக்கிறது’ என்பவருக்கு ஓங்கில் (டொல்பின்) பிடித்துக் கொடுக்கலாமா?

கேள்வி: நிலாவெளியில் பைபர் படகு வைத்திருக்கிறேன். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் உல்லாசப் பயணிகளைப் புறாத்தீவுக்கும், திமிங்கிலம், டொல்பின் பார்ப்பதற்கும் ஏற்றிச் செல்வேன். மற்றைய நாட்களில் வலைத்தொழில். கொழும்பிலிருந்து வந்த ஒருவர், விடுதியொன்றில் டொல்பின் தடாகம் அமைக்கப் போவதாகவும், உயிரோடு நான்கு பிடித்துத் தந்தால் பெருந்தொகை கிடைக்கும் என்றும் சொல்லி, ஓர் இலட்சம் ரூபா முற்பணமும் தந்தார். அரசாங்க அனுமதிப்பத்திரம் என்று ஒரு நிழற்பிரதியைக் காட்டினார். அது சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்ததால் எனக்கு விளங்கவில்லை. நிரப்பாத தாள் ஒன்றில் என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அண்ணன் மகன் இது வேண்டாத வேலை என்கிறான். நானாகப் பிடிக்காமல், வலையில் தானாக மாட்டுவதைக் கொடுத்தாலும் குற்றமா ஐயா?

பதில் (ஓய்வுபெற்ற கடற்றொழில் பரிசோதகர்):

குற்றம்தான். நீங்கள் துரத்திப் பிடித்தாலும், வலையில் தானாக மாட்டியதைக் கொடுத்தாலும் குற்றம்தான். உங்கள் அண்ணன் மகன் சொல்வதைக் கேளுங்கள்.

நம் கடலிலுள்ள எல்லாத் திமிங்கிலங்களும், நம்மவர்கள் ஓங்கில் என்று அழைக்கும் டொல்பின்களும், கடற்பசுவும் 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. அச்சட்டம் பல தடவைகள் திருத்தப்பட்டிருக்கிறது. அவற்றுள் 2009ஆம் ஆண்டுத் திருத்தம் முக்கியமானது. இதற்கு மேலதிகமாக, உங்கள் படகுக்கும் தொழிலுக்கும் அனுமதி வழங்கும் 1996ஆம் ஆண்டின் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டமும் உண்டு. நீங்கள் மனதிற்கொள்ள வேண்டியது ஒன்றே: பிடிப்பது மட்டும் குற்றமன்று, கைவசம் வைத்திருப்பதும், ஏற்றிச் செல்வதும், விற்பதும் தனித்தனியே குற்றங்கள். ஆகையால் ‘அது எப்படி வலைக்குள் வந்தது’ என்ற கேள்விக்கு உங்களிடம் நல்ல விடை இருந்தாலும், ‘அது ஏன் உங்கள் படகில் இருக்கிறது’ என்ற அடுத்த கேள்விக்கு உங்களிடம் விடை இராது.

தற்செயலாக மாட்டியது என்ற நியாயம், அதை விடுவிக்கும் வரைதான் உங்களுக்குத் துணை நிற்கும். ஓங்கில் மீனன்று, நம்மைப் போல் காற்றைச் சுவாசிப்பது. வலைக்குள் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சடைத்தே சாகிறது. உயிரோடு கண்டால், தலையுச்சியிலுள்ள மூச்சுத்துளை நீருக்கு மேலே இருக்கும்படி ஒருவர் தாங்கிப் பிடிக்க, மற்றவர் வலையை வெட்ட வேண்டும். வாலிலோ செட்டையிலோ கயிறு கட்டி இழுக்கக்கூடாது. வெட்டிய வலைக்கு எவரும் நட்டஈடு தரப்போவதில்லை என்பதை நான் அறிவேன்; அது இந்த ஏற்பாட்டின் குறைதான். ஆனாலும் வலைத்துண்டு ஒன்றின் விலையையும் வழக்கொன்றின் செலவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இறந்துவிட்டிருந்தால் அதைக் கரைக்குக் கொண்டுவர வேண்டாம், இறைச்சியாக்க வேண்டாம், சுறாத் தூண்டிலுக்கு இரையாக வெட்டவும் வேண்டாம். எந்த நாளில், எந்த இடத்தில் மாட்டியது என்று குறித்து, வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

இனி அந்த அனுமதிப்பத்திரத்துக்கு வருகிறேன். இந்தக் கேள்வியின் உயிர்நாடி அதுதான். தரகரின் முழு வித்தையும் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

சட்டத்தில் இப்படியொரு விதிவிலக்கு இருப்பது உண்மை. விஞ்ஞான ஆராய்ச்சிக்காகவோ, அவ்வுயிரினத்தின் பாதுகாப்புக்காகவோ, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் தலைமை அதிகாரி அனுமதிப்பத்திரம் வழங்கலாம். அத்தகைய பத்திரத்தில் யாருக்கு, எந்த நோக்கத்துக்காக, எந்த இனத்துக்கு, எந்தக் காலத்துக்கு என்பவை எழுதப்பட்டிருக்கும். அதில் எழுதப்பட்டவர் பல்கலைக்கழக ஆய்வாளர் என்றால், அந்த ஆய்வாளர்தான் செய்யலாம். அவருடைய பத்திரத்தின் பிரதியை வைத்துக்கொண்டு வேறொருவர் செய்ய முடியாது. அந்த வேறொருவர் உங்களுக்குக் கூலி தந்து செய்விக்கவும் முடியாது. ‘திமிங்கிலங்களைப் புகைப்படம் எடுத்து ஆராயலாம்’ என்று எழுதியிருந்தால், அது பிடிப்பதற்கான அனுமதியாக மாறிவிடாது. ‘தோல்துணுக்கு எடுக்கலாம்’ என்றிருந்தால், முழு விலங்கையும் எடுக்கலாம் என்று பொருளில்லை. ஆராய்ச்சி என்று எழுதியிருந்தால், விடுதித் தடாகத்தில் பந்து உருட்டிக் காட்டுவது ஆராய்ச்சி ஆகாது. இவ்வளவையும் நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம், தரகர் காட்டும் தாள் பெரும்பாலும் முழுப் பொய்யாக இருப்பதில்லை என்பதுதான். எங்கோ, எவருக்கோ, எதற்காகவோ உண்மையாக வழங்கப்பட்ட பத்திரம் ஒன்றின் பிரதியாக அது இருக்கும். முத்திரை உண்மையானது, கையொப்பமும் உண்மையானது. உங்களுக்கு அது பொருந்தும் என்பது மட்டும்தான் பொய்.

நான் பணியிலிருந்த காலத்தில் கடலட்டை விடயத்தில் இதே கூத்தைக் கண்டேன். சுழியோடுவதற்கென ஒருவருக்கு வழங்கப்பட்ட அனுமதியின் நிழற்பிரதியை வைத்துக்கொண்டு, முதலாளி ஒருவர் ஐந்தாறு படகுகளை இரவில் இறக்கினார். பிடிபட்டவர்கள் படகிலிருந்த பையன்கள். பிரதியை நீட்டினார்கள், அதிலிருந்த பெயர் அவர்களுடையதல்ல. முதலாளியின் தொலைபேசி அன்று காலையிலிருந்தே வேலை செய்யவில்லை. படகு பறிமுதலாயிற்று, வழக்குக்கு அலைந்தவர்களும் அவர்களே. நம் நாட்டில் கடற் குற்றம் என்றால் கடலில் நின்றவனைத்தான் பிடிக்கிறார்கள். கரையில் நின்று காசு கொடுத்தவனைத் தேடிப்போவதற்கு எவருக்கும் நேரமிருப்பதில்லை. முற்பணம், நிரப்பாத தாள், விளங்காத மொழியில் ஒரு பிரதி ஆகிய மூன்றும் ஒரே ஆளிடமிருந்து வந்தால் அவர் எந்த வியாபாரம் பேசினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

விடுதித் தடாகம் என்ற கதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘இந்தியாவில் இல்லையா, டுபாயில் இல்லையா’ என்று அவர் கேட்டிருப்பார். 1998ஆம் ஆண்டில் சென்னைக்கு அருகே கடற்கரைச் சாலையில் இப்படியொரு காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. பல்கேரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட டொல்பின்கள் சில மாதங்களுக்குள்ளேயே இறந்தன. 2013ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியாவின் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம், எங்குமே டொல்பின் காட்சிக்கூடங்களை அனுமதிக்கக்கூடாது என்று மாநிலங்களுக்கு அறிவித்தது. கனடா 2019இல் திமிங்கிலங்களையும் டொல்பின்களையும் காட்சிக்காகப் புதிதாக அடைத்து வைப்பதற்குச் சட்டத்தால் தடை விதித்தது. டுபாயைப் பொறுத்தவரை, 2007இல் சொலமன் தீவுகளிலிருந்து 28 டொல்பின்கள் அங்கே விமானத்தில் அனுப்பப்பட்டபோது உலகமெங்கும் கண்டனம் எழுந்தது. அத்தீவுகளில் அவற்றைப் பிடித்துக் கொடுத்தவர்களும் உங்களைப் போன்ற மீனவர்களே.

நான்கு உயிரோடு வேண்டும் என்று கேட்பவர் நான்கு மட்டும் சாகும் என்று நினைக்கிறாரா, அல்லது நினைக்கவே இல்லையா என்பது எனக்கு விளங்கவில்லை. ஓங்கில்கள் கூட்டமாக வாழ்பவை. படகுகளால் துரத்தி, சத்தமிட்டு, வலையால் சுற்றிப் பிடிக்கும்போது, வேண்டியது ஒன்றாக இருந்தாலும் கூட்டம் முழுவதும் கலைந்து, குட்டி தாயைப் பிரிந்து, சில அந்தக் குழப்பத்திலேயே மூழ்கிவிடுகின்றன. பிடிபட்டவற்றின் நிலையும் மேலானதன்று: பிடித்து இடம் மாற்றும் நாட்களில் அவை இறக்கும் வீதம் ஏறக்குறைய ஆறு மடங்காக உயர்கிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதுவும் காட்சிக்கூடங்களில் அதிகமாக வைக்கப்படும் போத்தல்மூக்கு டொல்பினுக்கான கணக்கு. நிலாவெளிக்கு வெளியே நீங்கள் அதிகம் காண்பது, துள்ளியெழுந்து தன்னைத்தானே சுற்றிக்கொண்டு விழும் சுழல் ஓங்கில். அது தொட்டி வாழ்வுக்கு இன்னும் பொருந்தாதது. ஆழ்கடலில் இரவு முழுவதும் இரை தேடும் உயிரினத்தைச் சிமெந்துச் சுவர்களுக்குள் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நிபுணர் வேண்டியதில்லை. இறந்ததும் உங்களிடம்தான் திரும்ப வருவார்கள். ‘இன்னும் நான்கு’ என்பார்கள்.

கடலில் எண்ணிக்கை இருக்கிறதே, நான்கில் என்ன குறைந்துவிடும் என்ற எண்ணம் உங்களுக்கு இருக்கலாம். மீனுக்குப் பொருந்தும் கணக்கு இவற்றுக்குப் பொருந்தாது. சூடை ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஓங்கில் ஏறத்தாழ ஒரு வருடம் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈன்று, அடுத்ததற்கு இரண்டு மூன்று வருடங்கள் எடுத்துக்கொள்ளும். எண்ணெய்த் திமிங்கிலம் என்றால் அந்த இடைவெளி நான்கு வருடங்களுக்கும் மேல். திருகோணமலைக்கு இவை வருவதற்கான காரணம் நம் துறைமுக வாயிலிலிருந்தே தொடங்கும் ஆழமான கடற்பள்ளத்தாக்கு. கோணேஸ்வரத்தின் சுவாமி மலையில் நின்றே நீலத் திமிங்கிலத்தின் மூச்சைக் காணக்கூடிய ஊர் உலகில் எத்தனை இருக்கிறது? 1979இல் சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலச் சரணாலயமாக அறிவித்தது. அதன் தொடர்ச்சியாக 1980களின் தொடக்கத்தில் ‘துலிப்’ என்ற பாய்மரப் படகில் ஹால் வைட்ஹெட் முதலிய ஆய்வாளர்கள் வந்து நம் கரைக்கு அப்பால் ஆராய்ந்தார்கள். அதன் பிறகு வந்த யுத்த ஆண்டுகளில் இங்கே அத்தகைய ஆய்வுகள் அரிதாயின. எத்தனை இருக்கின்றன என்றே சரியாகத் தெரியாத கூட்டத்திலிருந்து நான்கை எடுப்பதைச் சிறிய கணக்கு என்று என்னால் சொல்ல முடியாது.

இடையில் ஓர் எச்சரிக்கை. ஓங்கில் பேரம் நடக்காவிட்டால் அதே ஆள் அம்பர் கேட்டு வருவார். அது எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில், அது விழுங்கும் கணவாய்களின் அலகுகளைச் சுற்றி உருவாகி வெளியேறும் பொருள். ‘கரையில் ஒதுங்கியதுதானே’ என்று சொல்லி வாங்குவார்கள். அம்பருடன் கைதானவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் நீங்களே படித்திருப்பீர்கள். அவர்களுள் எத்தனை பேர் ஏற்றுமதியாளர்கள், எத்தனை பேர் வலைத்தொழிலாளிகள் என்று அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. முற்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். கையில் கொடுக்க வேண்டாம். அவருடைய வங்கிக் கணக்கில் இட்டு, பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். கணக்கிலக்கம் தர மறுத்தால், அந்த மறுப்பே உங்களுக்கு ஒரு சாட்சி. குறுஞ்செய்தியில் கேட்டு, குறுஞ்செய்தியை அழிக்காமல் வையுங்கள். காசு செலவாகிவிட்டது என்றால் கடன் பட்டாவது கொடுங்கள். சட்டவிரோதமான வேலைக்கான உடன்படிக்கையை நீதிமன்றம் நிறைவேற்றித் தராது என்பதால், ‘நான்கு பிடித்துத் தர ஒப்புக்கொண்டார்’ என்று உங்கள்மேல் அவர் வழக்குப் போட முடியாது. ஆனால் அந்த நிரப்பாத தாளில் அவர் ஓங்கிலைப் பற்றி எழுதப்போவதில்லை. கைமாற்றுக் கடன் என்றோ, படகை விற்றதாகவோதான் எழுதுவார். ஆகவே தாமதிக்காமல் சட்டத்தரணி ஒருவரைக் காணுங்கள். வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. நிரப்பாத தாளில் கையெழுத்து வாங்கப்பட்டது என்று பொலிஸ் நிலையத்தில் ஒரு முறைப்பாட்டையும் பதிவு செய்து, அதன் பிரதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். அவர் மிரட்டினால் 119.

அந்த நிழற்பிரதியைப் பற்றி வனசீவராசிகள் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். ‘இது கடற்றொழில் திணைக்களத்தின் வேலை’ என்று அங்கே சொல்வார்கள். கடற்றொழில் அலுவலகத்தில் ‘இது வனசீவராசிகளின் வேலை’ என்பார்கள். முப்பது வருடங்கள் இந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவே நின்றவன் என்பதால் சொல்கிறேன்: இரண்டு இடத்துக்கும் ஒரே கடிதத்தைக் கொடுத்து, இரண்டு பிரதிகளிலும் திகதி முத்திரை வாங்குங்கள். கடிதத்தைச் சிங்களத்தில் எழுதித் தருவதாகச் சொல்லிக் காசு கேட்பவர்கள் வாசலிலேயே நிற்பார்கள். தேவையில்லை. தமிழ் 1987இலிருந்து அரச கரும மொழிகளுள் ஒன்று. கிழக்கில் நிர்வாக மொழியும் அதுவே. உங்கள் அண்ணன் மகனைக் கொண்டு தமிழில் எழுதுவித்துக் கொடுங்கள். ஏற்க மறுத்தால், மறுத்தவர் வகிக்கும் பதவியையும் நேரத்தையும் கடிதத்தின் பின்பக்கத்தில் குறித்து, அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபாலகப் பற்றுச்சீட்டைப் படகில் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.