பிளேட்லெட் கூடியிருக்கிறது, ரத்தப் புற்றுநோயா?

கேள்வி: வயது 36. குடியாத்தத்தில் பீடி சுற்றும் வேலை. அசதி, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று ரத்தம் டெஸ்ட் எடுத்தேன். ஹீமோகுளோபின் 9.8, சிவப்பணு 43 லட்சம், எம்.சி.வி. 72, ஆர்.டி.டபிள்யூ. 17.8, வெள்ளையணு 8,400, ஈசினோபில் 9 சதவீதம், பிளேட்லெட் 4.8 லட்சம். பிளேட்லெட் கூடினால் ரத்தப் புற்றுநோய் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கே போய்விடட்டுமா?

பதில்: ரிசல்ட்டில் தடித்த எழுத்தில் வந்த ஒவ்வொரு எண்ணையும் தனி நோயாக எண்ணிப் பயப்படுகிறீர்கள். சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் தெரிகிறது: இரும்புச்சத்துக் குறைவு.

பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் ரத்தசோகை. என்ன வகை என்பதை எம்.சி.வி. சொல்லும், அது சிவப்பணுவின் சராசரி அளவு. 80க்குக் கீழே என்றால் அணுக்கள் சிறுத்துவிட்டன. ஆர்.டி.டபிள்யூ. என்பது அணுக்களின் அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் காட்டும். அது கூடியிருப்பதால் பெரிதும் சிறிதுமாகக் கலந்து கிடக்கின்றன. பரம்பரையாக வரும் தலசீமியா என்ற ரத்தக் கோளாறின் லேசான வகையிலும் அணு சிறுக்கும், ஆனால் சிவப்பணு எண்ணிக்கை பெரும்பாலும் குறையாது. எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் (மில்லியன் கணக்கில் 4.3) வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 17. பதிமூன்றுக்கு மேல் என்றால் இரும்புக் குறைவின் பக்கம் சாயும். உறுதி செய்ய, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட் ஒன்று போதும்.

ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்? இரும்பு குறைந்தால் எலும்பு மஜ்ஜை அதைக் கூடுதலாக உண்டாக்குவது வழக்கம். இரும்பு ஏறியதும் இறங்கிவிடும். உங்கள் வெள்ளையணு எண்ணிக்கை 4,000-11,000 என்ற அளவுக்குள்தான் இருக்கிறது. ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியர் ரிசல்ட்டில் 'பிளாஸ்ட்' (முதிராத அணு) என்று எழுதியிருந்தால் மட்டும் அன்றைக்கே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ சி.எம்.சி.க்கோ கிளம்புங்கள். இல்லையென்றால் முதலில் குடியாத்தம் அரசு மருத்துவமனையே போதும்.

ஈசினோபில் வெள்ளையணுவில் ஒரு வகை. அதில் சதவீதத்தை விடுங்கள், எண்ணிக்கையைப் பாருங்கள். 8,400இல் 9 சதவீதம் என்றால் 756. 500ஐத் தாண்டினால் கூடுதல். ஒவ்வாமையாக இருக்கலாம், பீடித் தூளால் தும்மல், மூச்சு இழுப்பு உண்டா என்று டாக்டரிடம் சொல்லுங்கள். குடற்புழுவாகவும் இருக்கலாம். கொக்கிப்புழு குடலில் கடித்துக்கொண்டு ரத்தம் உறிஞ்சும். இரும்பு குறைய அதுவே காரணமாகலாம். மாதவிடாயில் கட்டி கட்டியாகப் போகிறதா, ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதா என்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். போகிற வழியை அடைக்காமல் மாத்திரை விழுங்கிப் பயனில்லை.

இரும்பு மாத்திரையை டீயோடு போடவே கூடாது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோடு போட்டால் நல்லது. மலம் கறுத்துப் போகும், பயம் வேண்டாம். பீட்ரூட் சிவப்பாக இருக்கிறதே தவிர அதில் இரும்பு சொற்பம். அந்தக் காசுக்குச் சுவரொட்டியோ (ஆட்டு மண்ணீரல்) ஈரலோ வாங்கலாம். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒன்றிரண்டு கிராம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் காரணம் தேட வேண்டும். 12ஐத் தொட்டதும் நிறுத்திவிடாதீர்கள், சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும்.

இதே ரிசல்ட் உங்கள் வீட்டு ஆண்களுக்கோ மாதவிடாய் நின்ற அம்மாவுக்கோ வந்தால் கதை வேறு. வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று எண்டோஸ்கோபி வரை பார்த்துவிட வேண்டும்.