கலசத்தின் தங்கமும் கோயிலின் இருட்டும்: எச்டிஆர் கேள்வி பதில்

மழை விட்டுவிட்டது. பயாக்களுக்குக் (பர்மாவின் பௌத்தக் கோயில்களுக்கு) கேமராவோடு கிளம்பும் காலம் என்பதால் வந்த கேள்விகளில் முக்கால்வாசி எச்டிஆர் (சுடும் வெளிச்சமும் இருட்டும் ஒரே படத்தில் தெரியவைக்கும் முறை) பற்றியவை. கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன். ரங்கூனில் பல வருடம் படமெடுத்து, கெடுத்து, கற்றதிலிருந்து பதில் சொல்கிறேன்.

தட்டோன்: அண்ணே, எச்டிஆர் என்றால் மூன்று படம் எடுத்துச் சேர்ப்பதுதானே? இனி எல்லாவற்றையும் அப்படியே எடுத்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. ஸ்டாப் என்பது வெளிச்சத்தை எண்ணும் அளவு; ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரட்டிப்பாகும். இப்போதைய நல்ல கேமராவின் ஒரே ஒரு ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பில்) 12 ஸ்டாப்புக்கு மேல் அடங்கும். மேகம் மூடிய நாளில் சூலே பயாவை எடுக்க அதுவே தாராளம். பிட் கூடக் கூட வெளிச்சப் படிகள் கூடும்: சாதாரண ஜேபெக் படம் 8 பிட், ரா 12 அல்லது 14 பிட். அதனால்தான் ராவில் நிழலைத் தூக்க இடம் இருக்கிறது. அப்படித் தூக்கியும் குருணை (புள்ளி புள்ளியான கறை) தட்டுகிறது, வானமும் வெளுத்துக் கிடக்கிறது என்றால்தான் பிராக்கெட்டிங், அதாவது ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் பல படமாக எடுப்பது.

மாண்டலே: குடும்பத்தோடு பகான் போகிறோம். ஆனந்தா கோயிலுக்குள் ஒரே இருட்டு, வாசலில் சுட்டெரிக்கும் வெயில். எத்தனை படம் எடுக்க வேண்டும், ஐயா?

எண்ணிக்கையை முதலில் முடிவு செய்யாதீர்கள். வெளிச்சத்தை அளந்து பாருங்கள். ஸ்பாட் மீட்டரிங்கில் (ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் முறையில்) வெளியே வெயில் படும் வெள்ளைச் சுவர் 1/1000 விநாடி என்று காட்டுகிறது, உள்ளே நிற்கும் புத்தரின் பாதம் 1/4 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 8 ஸ்டாப். இரண்டிரண்டு ஸ்டாப்பாக இறங்கினால் 1/1000, 1/250, 1/60, 1/15, 1/4 என ஐந்து படம். உங்கள் கேமரா ஒரு தடவைக்கு மூன்றுதான் தரும் என்றால், எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்ச அளவை) நகர்த்தி இரண்டு தொகுதியாக எடுங்கள். நடுவில் ஒன்று இரட்டையாக வந்தால் பரவாயில்லை.

மாற வேண்டியது ஷட்டர் நேரம் மட்டும். அபெர்ச்சர் (லென்ஸின் துளை அளவு) மாறினால் ஃபோகஸ் ஆழமும் மாறிவிடும், படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 100இல் நிற்கட்டும், ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைத்துவிடுங்கள். ஃபோகஸ் கிடைத்ததும் மேனுவலுக்கு மாற்றுங்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. அந்தக் கோயிலிலேயே ஐந்து படத்துக்கும் ஆட்டோஃபோகஸ் தேடித் தேடி அலைந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றில் புத்தர் தெளிவு, அடுத்ததில் பின்சுவர் தெளிவு! ட்ரைபாடை விரிக்கலாமா என்று அங்கே இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 2 விநாடி டைமர் வைத்தால் கை படும் அதிர்வு போய்விடும்.

பகோ: சயா, ஷ்வேதகோன் பயாவின் தங்கம் என் படத்தில் எலுமிச்சை மஞ்சளாக வருகிறது. ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) தப்பா?

பெரும்பாலும் இல்லை. வெயில் பட்ட தங்கத்தில் சிவப்பு ரொம்ப அதிகம், நீலம் குறைவு. எக்ஸ்போஷர் கூடும்போது சிவப்பு முதலில் உச்சியில் முட்டி நின்றுவிடும். பச்சை மட்டும் ஏறிக்கொண்டே போகும். இரண்டும் சேர்ந்தால் எலுமிச்சைதானே! வெள்ளை ஹிஸ்டோகிராமை (மொத்த வெளிச்சத்தின் பரவலைக் காட்டும் வரைபடத்தை) மட்டும் பார்த்தால் இது தெரியாது. மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் போடுங்கள். மிக இருண்ட படத்தில் சிவப்பு வலது ஓரத்தைத் தொடாத வரை குறைத்துக்கொண்டே போங்கள். அந்த ஒரு படத்தில்தான் உங்கள் தங்கம் இருக்கிறது. நடுப்பகலைவிடக் காலையில் போனால் இந்தப் பாடு பாதியாகும், பாதமும் பிழைக்கும்.

ரங்கூன்: காளி கோயிலில் எடுத்ததில் கும்பிடுகிற அம்மாவுக்கு மூன்று கை வந்துவிட்டது!

காளி கோயில் என்பதால் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆள் அசைந்தால் பேய் உருவம் விழும். இணைக்கும் மென்பொருளில் டீகோஸ்ட் என்ற வசதி இருக்கும். அசைந்த இடத்தை ஒரே படத்திலிருந்து அது எடுத்துக்கொள்ளும். முதலில் குறைந்த அளவில் வையுங்கள். கூட்டினால் அந்த இடத்தில் குருணை வரும். விளக்குச் சுடரும் ஆடும், அதற்கு இருண்ட படமே சரி. கூட்டம் நெரிகிற நாளில் பிராக்கெட்டிங்கை மறந்துவிட்டு, வெளிச்சப் பகுதி வெளுக்காமல் ஒரே ஒரு ரா எடுங்கள்.

மோல்மேன்: காசு கொடுத்து மென்பொருள் வாங்க வழியில்லை, அண்ணா.

டார்க்டேபிள், எச்டிஆர்மெர்ஜ் இரண்டும் இலவசம். இரண்டுமே ரா ஃபைல்களைச் சேர்த்து ஒரே டிஎன்ஜி (ரா வகைக் கோப்பு) ஆக்கிக் கொடுக்கும். ராவை ஜேபெக்காக மாற்றிவிட்டு இணைக்காதீர்கள், அத்தனை பாடும் வீணாகும்.

தட்டோன் (மறுபடியும்): போனில் முடியாதா?

போன் தானாகவே பல படங்களைச் சேர்த்துத்தான் கொடுக்கிறது. கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் ப்ரோ மோடில் ரா எடுத்துப் பாருங்கள்.

ரங்கூன்: என் படத்தைப் பார்த்துக் காலண்டர் படம் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். கோபுரத்தைச் சுற்றி வெள்ளை வளையம் வேறு.

வீட்டில் சொல்வது சரிதான். டோன் மேப்பிங்கில் (சேர்த்த படத்தின் வெளிச்சத்தைத் திரைக்கு ஏற்றபடி அடக்கும் வேலையில்) நிழலை முழுக்கத் தூக்கிவிட்டீர்கள். மென்பொருள் கோபுரத்தின் ஓரத்தில் வானத்தை வெளுக்க வைத்து ஈடுகட்டியிருக்கிறது. நிழல் ஸ்லைடரைப் பாதிக்குக் கொண்டுவாருங்கள், கிளாரிட்டியை (விவரங்களைத் தூக்கிக் காட்டும் ஸ்லைடரை) பூஜ்யமாக்குங்கள். அப்புறம் மூலஸ்தானத்தைப் பாருங்கள். அங்கே கொஞ்சம் இருட்டு மிஞ்சியிருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். நேரில் போனாலும் அங்கே கண்ணைச் சுருக்கித்தானே பார்க்கிறோம்.