திருவனந்தபுரம் விமானம் ஏழரை மணி நேரம் தள்ளிப்போனால்

மார்த்தாண்டம் நண்பருக்கு: காலை 6 மணி டெல்லி விமானம் மதியம் 1.30 ஆகிவிட்டது, பணம் கேட்டால் வவுச்சர்தான் தருவோம் என்று விமான நிறுவனம் சொல்கிறது என்று எழுதியிருந்தீங்க. முதலில், குறுஞ்செய்தியில் வந்த இணைப்பில் 'ஏற்கிறேன்' என்பதை அழுத்தாதீங்க. அழுத்தினால் புது நேரத்துக்கு நீங்களே சம்மதித்ததாகிவிடும்.

விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி, தாமதம் 6 மணி நேரத்தைத் தாண்டினால் 6 மணி நேரத்துக்குள் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். எது வேண்டும் என்பது உங்க முடிவு. பணத்தை வவுச்சராக வைப்பதும் உங்க விருப்பம்தான். அவர்கள் திணிக்கக் கூடாது. இதையே மின்னஞ்சலில், பிஎன்ஆர் எண்ணோடு கேளுங்க. போனில் பேசினால் சாட்சி இருக்காது. மறுத்தால் மத்திய அரசின் விமானப் பயணிகள் புகார் தளமான ஏர்சேவாவில் புகார், பழைய டிக்கெட்டும் குறுஞ்செய்திப் படமும் சேர்த்து.

களியக்காவிளை ஏஜென்ட் போட்ட டிக்கெட் என்றீங்களே, அதில் யாருடைய போன் எண் இருக்கு? இதை இன்றைக்கே பாருங்க. பல ஏஜென்ட்கள் தங்கள் எண்ணையே போட்டுவிடுவார்கள். விமானம் ரத்தானால் தகவல் உங்களுக்கு வராது. தொடர்பு எண் சரியில்லை என்று இழப்பீட்டையும் மறுக்கலாம்.

டெல்லியிலிருந்து போகும் அடுத்த விமானம் தனி பிஎன்ஆர் என்றால், அதைத் தவறவிட்டாலும் இந்த முதல் விமான நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. அதனால் முந்தின நாள் மாலை டெல்லி விமானத்துக்கு மாற்றிக் கேளுங்க.