பண்ணை வீட்டில் சில நாள்கள்

கேள்வி: தெற்கு இத்தாலியின் பூலியாவில் 'மசேரியா' என்னும் பழைய பண்ணை வீடுகளில் தங்குவது நல்லதா? எப்போது செல்லலாம்?

பதில்: தாராளமாகத் தங்கலாம், ஆனால் பெயரை மட்டும் நம்பி முன்பதிவு செய்துவிடாதீர்கள். கடற்கொள்ளையருக்கு அஞ்சிய காலத்தில், தடித்த சுண்ணாம்புக்கல் சுவர்களும் உயர்ந்த மதிலும் நடுவே முற்றமுமாக, ஏறத்தாழ ஒரு சிறு கோட்டையைப் போலவே பல மசேரியாக்கள் கட்டப்பட்டன. சிலவற்றில் பாறையைக் குடைந்து அமைத்த நிலத்தடி எண்ணெய்ச் செக்கை இன்றும் காணலாம். மசேரியாக்களுள் பல இப்போது நீச்சல்குளத்துடன் கூடிய சொகுசு விடுதிகளாகிவிட்டன. அங்கே உழவைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். 'அக்ரித்தூரிஸ்மோ' (பண்ணைச் சுற்றுலா) என்று பதிவுபெற்ற வீட்டையே தேர்ந்தெடுங்கள். இத்தாலியின் 2006ஆம் ஆண்டு 96ஆம் எண் சட்டப்படி அங்கு வேளாண்மையே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும் என்பதால், விளைந்த பொருளே பெரும்பாலும் உணவு மேசைக்கு வரும்.

ஆகஸ்ட் மாதத்தில் வெயிலும் கூட்டமும் வாட்டும். மே, ஜூன் இதமானவை. ஆலிவ் அறுவடையைக் காண அக்டோபர் இறுதியிலோ நவம்பரிலோ செல்லுங்கள். பூலியாவின் தென்பகுதியான சாலெந்தோ பக்கம் பட்டுப்போன ஆலிவ் மரங்களைக் கண்டால் வறட்சி என்று எண்ணிவிட வேண்டாம். அது 2013இல் கண்டறியப்பட்ட சைலெல்லா என்னும் பாக்டீரியாவின் வேலை. பேருந்து வசதி குறைவு என்பதால், பாரி அல்லது பிரிந்திசி விமான நிலையத்திலேயே வாடகைக் கார் எடுத்துக்கொள்ளுங்கள்.